விடுபடக் கூடாது ஒரு தலையும்!

"எண்ணி என்ன ஆகப் போகிறது? எங்களை எண்ணினால் சாமைக்கு விலை ஏறுமா? புளிக்குக் கூடுதல் கிடைக்குமா?"

ஜவ்வாது மலை உழைப்பாளி இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில் சொல்வது நம் கடமை, தோழர்களே!

சர்க்காரின் ஏட்டில் மனிதனுக்கு முகமில்லை, எண் மட்டுமே உண்டு. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. ஊராட்சியிலும் சட்டமன்றத்திலும் பழங்குடியினருக்கு எத்தனை இடம்? தலைக்கணக்கின் விகிதப்படி என்கிறது அரசியல் சட்டம். ஏட்டில் ஏறாத தலைக்குப் பங்கும் இல்லை!

2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், நூற்றுக்கு ஒருவர். 234 சட்டமன்றத் தொகுதிகளில் அவர்களுக்கென இருப்பவை இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். சிறு கூட்டத்தில் ஆயிரம் பேர் விடுபட்டால் அது பெரும் பள்ளமல்லவா?

2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்குக்கு 2027 மார்ச் 1 நள்ளிரவு நிலவரமே அடிப்படை என்று 2025 ஜூன் 16-ல் அறிவிப்பு வந்தது. அதில் சாதியும் எழுதப்படும். நாடு முழுவதற்குமான சாதிக் கணக்கு 1931-க்குப் பின் வெளிவந்ததில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்!

மலையில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பிழைப்புக்காக இறங்கிப் போனவர்கள். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டு மடிந்த 20 தமிழ்க் கூலிகளில் ஜவ்வாது மலையினரும் உண்டு. வயிற்றுப்பாடு அவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறது! 2011-ல், எண்ணும் நாட்கள் முழுவதும் வெளியூரில் இருந்தவரை இருந்த இடத்தில்தான் எழுதினார்கள். மலைவீட்டில் ஆளில்லை, வேலைக் கொட்டகையில் கேட்பாரில்லை. இரண்டு இடத்திலும் விடுபடுகிறவன் உழைப்பாளியே!

இரண்டாவது, பெயர். அந்தப் பழங்குடியின் பெயர் 'மலையாளி'. காஞ்சியிலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் பேச்சு. மலையை ஆள்வோர் என்பதால் மலையாளி, தாய்மொழியோ தமிழ்! பெயரைக் கேட்ட அவசரத்தில் மொழிப் பகுதியில் 'மலையாளம்' என்று எழுதிவிட்டால், வாழும் தமிழன் ஏட்டில் அயலான் ஆவான்.

மூன்றாவது, அச்சம். காட்டு நிலத்தைப் பறிக்க வந்த கணக்கோ என்று அஞ்சுவோருக்குச் சொல்லுங்கள்: 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, கணக்கில் சொன்னதைப் பிறர் பார்க்க முடியாது, நில வழக்கில் சாட்சியமாக்கவும் முடியாது.

ஆகவே, ஜமுனாமரத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் போங்கள். குக்கிராமம் குக்கிராமமாக நடந்து, யார் வீட்டில், யார் வெளியூரில் என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியூரில் உள்ள நம் தோழர்கள் கொட்டகைகளுக்குச் சென்று, அங்கே அவர்கள் பெயர் ஏறச் செய்யட்டும்.

ஓட்டுக் கேட்க மலையேறத் தெரிந்த கால்களுக்கு, உரிமை காக்க ஏறத் தெரியாதா?