முதலில் போன், பிறகுதான் வாசல்

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்கிற சிறிய ஊரில் குடியிருக்கிறேன். இங்கே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருப்பதால் நம் ஊர்ப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்குமாக வந்தபடி இருக்கிறார்கள். கைக்குழந்தையோடு வந்து இறங்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இந்த ஊரில் எல்லா வசதியும் இருக்கிறது, ஆனால் நேரே போய் நின்றால் பெரும்பாலும் காரியம் நடக்காது. கேட்டு நேரம் வாங்கிக்கொண்டுதான் எந்த வாசலுக்கும் போக வேண்டும்.

முதல் வாசல் நகராட்சி. அதைத் தேடி அலைய வேண்டாம்; ரயில் நிலையமும் நகராட்சி அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர்கள் வந்த ஐந்து நாளுக்குள் தகவல் கொடுத்துப் பதிவுக்கு நேரம் வாங்கிவிட வேண்டும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், மணமானவர்களுக்குத் திருமணச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும். சான்றிதழ்களில் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். அதை இந்தியாவிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். இங்கே வந்து சேர்ந்த பிறகு, ஊரில் இருக்கும் வயதான அப்பாவை அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வைப்பது பாவம். பதிவானதும் பி.எஸ்.என். என்ற எண் தருவார்கள். சம்பளம், வரி, காப்பீடு எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். வேலைக்கு வருகிறவர்கள் நான்கு மாதத்துக்குள் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். அவகாசம் இருக்கிறதே என்று தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை. கடைசி வாரத்தில் எடுத்தாலும் தொடக்கத்திலிருந்து கணக்குப் போட்டு பிரீமியம் வாங்கிவிடுவார்கள்.

அடுத்தது ஹவுஸ்ஆர்ட்ஸ், குடும்ப மருத்துவர். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம், உடம்பு நன்றாக இருக்கும்போதே, பெயரைப் பதிந்துவிடுங்கள். அவர் எழுதிக் கொடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரி நிபுணரைப் பார்க்க முடியாது. காப்பீட்டில் ஆண்டுக்கு முதல் 385 யூரோ நம் கையிலிருந்து போகும். ஆனால் குடும்ப மருத்துவரைப் பார்ப்பது அந்தக் கணக்கில் சேராது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்தச் சுமையும் கிடையாது, பிரீமியமும் கிடையாது.

ஒரு குளிர்கால ராத்திரி, எங்கள் தெருவில் புதிதாக வந்திருந்த பெண் போன் செய்தாள். “அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல் முப்பத்தொன்பதரை டிகிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம்.”

“இரும்மா, முதல்ல ஹவுஸ்ஆர்ட்ஸன்போஸ்டுக்குப் போன் போடு,” என்றேன். மாலை ஐந்து மணியிலிருந்து காலை எட்டு மணி வரையிலும், சனி ஞாயிறு முழுக்கவும் அவசரத்துக்குப் பார்க்கும் மருத்துவர்கள் அங்கேதான் இருப்பார்கள். போனை எடுத்தவர் கேள்வியாகக் கேட்டார். காய்ச்சல் எப்போது தொடங்கியது, பால் குடிக்கிறாளா, கடைசியாக எப்போது டயபர் நனைந்தது, கூப்பிட்டால் பார்க்கிறாளா, மூச்சு வாங்குகிறதா, தோலில் புள்ளி இருக்கிறதா. பதில்களை வைத்து அவசரத்தின் அளவைக் கணித்து, வர வேண்டிய நேரத்தைச் சொன்னார். அங்கே போனதும் மருத்துவர் குழந்தையின் உடையைக் கழற்றி நெஞ்சு, காது, தொண்டை, கழுத்து என்று ஒன்றுவிடாமல் பார்த்தார். எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் போதும், இன்னின்ன மாறுதல் தெரிந்தால் உடனே திரும்பக் கூப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

“ஒரு ஆன்டிபயாடிக்கூட எழுதலையே அக்கா,” என்று அவளுக்கு ஆற்றாமை. எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. பெற்ற வயிறு அப்படித்தான் பதறும். ஆனால் குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸால் வருகின்றன, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஐரோப்பாவிலேயே அதை மிகக் குறைவாகக் கொடுக்கும் நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று. அந்தக் கண்டிப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால், “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று போனில் தெளிவாகச் சொல்லுங்கள். பெற்றவர்களின் பயத்தை இங்குள்ள மருத்துவர்கள் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்வார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 15 சென்ட், பெரிய பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள். நசுக்காமல் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். குப்பை வண்டி எந்த நாளில் வரும் என்று, குப்பை அள்ளும் நிறுவனமான அவலெக்ஸின் தளத்தில் முகவரியைப் போட்டால் தெரியும். பிள்ளைகளுக்கு நூலகச் சந்தா இலவசம். முதல் வாரமே சேர்த்துவிடுங்கள்.

கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு மட்டும் நான் உட்கார வைத்துச் சொல்வது க்ராம்ஸோர்க் பற்றி. பிரசவமான பிறகு பயிற்சி பெற்ற ஒரு பெண் எட்டு நாள் போல வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் கவனித்துக்கொள்வார். காய்ச்சல் பார்ப்பார், குழந்தையை எடை போடுவார், மஞ்சள் காமாலை தெரிகிறதா என்று கவனிப்பார், பால் கொடுக்கப் பழக்குவார், துணிகூடத் துவைத்துப் போடுவார். விசா கிடைக்காமல் அம்மா ஊரிலேயே தங்கிவிட்ட வீடுகளில் இந்த உதவி எவ்வளவு பெரியது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். செலவில் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்கும். மணிக்குச் சிறு தொகை நாம் கட்ட வேண்டும். இதற்கு ஆள் பற்றாக்குறை இருப்பதால் நான்காம் மாதத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள். வருகிறவர் குனிந்து குனிந்து முதுகு வலி வாங்கிக்கொள்ளாமல் இருக்க, கட்டில் சுமார் 80 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. காலுக்கு அடியில் வைக்கும் கட்டைகளை மருத்துவ உபகரணக் கடையில் இரவல் வாங்கலாம். 37-வது வாரத்துக்குள் கட்டிலை உயர்த்தி வைத்துவிடும்படி கணவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.