ஊட்டியில் ‘பனிப்பொழிவு’: டிவி சொல்வது சரியா?

ஜனவரி வந்தாலே டிவியில் ஊட்டி ‘மினி காஷ்மீர்’ ஆகிவிடும். திகில் பின்னணி இசை வேற! ஆனால், அங்கே வானத்திலிருந்து எதுவும் பொழிவதில்லை. அது உறைபனி. குளிர்காலத்தில் வருஷா வருஷம் வருவதுதான்.

மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. கனமான குளிர்காற்று தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் தேங்க, புல்மேல் ஈரப்பதம் வெள்ளையாக உறைகிறது. தரைக்கு மேலே இருக்கும் வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே புல் நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். டிவியில் ஓடும் ‘மைனஸ்’ எங்கே அளந்தது என்று யாரும் சொல்வதில்லை.

வெயில் ஏறினால் வெள்ளை காணாமல் போகும். தேயிலைக் கொழுந்து மட்டும் கருகிக் கிடக்கும். ‘இன்றிரவு உறைபனி வரலாம்’ என்று முந்தைய மாலையே தெரிந்தால் விவசாயி செடிகளைத் தழை போட்டு மூடிவிடலாம். கேமரா வருவதோ விடிந்த பிறகு.