வெள்ளத்தில் நின்ற காரா? செகண்ட் ஹேண்ட் பி.எம்.டபிள்யூ., ஆடி, பென்ஸ் வாங்கும் முன் வடசென்னைக்காரர்கள் பார்க்க வேண்டியது என்ன?

ஷோரூமில் சுமார் 50 லட்சம் ரூபாய்க்கு விற்ற கார், ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு புது கிரெட்டா விலைக்கு வருகிறது. ராயபுரத்தில் கிளியரிங் ஏஜென்சி வைத்திருப்பவரோ, திருவொற்றியூரில் நாலு லாரி ஓட்டுபவரோ, "இந்த விலைக்கு பென்ஸே கிடைக்குதே, ஏன் புது கார் வாங்கணும்?" என்று யோசிப்பது இயல்புதான்.

ஆனால், சென்னையில் பழைய சொகுசு கார் வாங்குவதில் மற்ற ஊர்களைவிட ஒரு ஆபத்து கூடுதல். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயல் மழையிலும் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். அவை எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. வெளியே பளபளப்பாக நிற்கும் காரின் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?

சொகுசு கார்களின் மறுவிற்பனை விலை வேகமாக இறங்கும். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் காரின் மதிப்பான ஐ.டி.வி.யைக் கணக்கிடும் அட்டவணைப்படியே, 4 முதல் 5 வயதுள்ள காருக்கு 50% தேய்மானம். வாரன்டி முடிந்த பிறகு முதல் ஓனர்கள் பலரும் காரைத் தள்ளிவிடப் பார்ப்பதும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் புது சொகுசு கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40%. அதற்கு முன் 28% ஜி.எஸ்.டி.யோடு செஸ்ஸும் சேர்ந்து 50% வரை போனது. புது காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் இறங்க வேண்டும். பழைய விலையைக் காட்டி "இதுவே கம்மி சார்" என்று புரோக்கர் சொன்னால், அதே மாடலின் இன்றைய புது விலையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

முக்கியமான கணக்கு இதுதான்: காரின் விலை குறையும், ஸ்பேர் பார்ட்ஸ் விலை குறையாது. 15 லட்சத்துக்கு வாங்கினாலும், ஹெட்லைட் உடைந்தால் 50 லட்ச ரூபாய் காரின் ஹெட்லைட்டுக்குத்தான் பில் வரும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் எப்படி மார்க்கெட்டுக்கு வருகிறது?

ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், இன்சூரன்ஸ் நிறுவனம் அந்தக் காரை 'டோட்டல் லாஸ்' என்று கணக்கிட்டு ஓனருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். கார் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுப்பவர் சீட்டைக் கழற்றிக் கழுவி, மேட்டை மாற்றி, பாலிஷ் போட்டு, வேறு ஊரிலோ வேறு மாநிலத்திலோ விற்க வாய்ப்பு உண்டு.

இதில் சொகுசு கார்களுக்குத்தான் சிக்கல் அதிகம். சாதாரண ஹேட்ச்பேக்கைவிட இவற்றில் கன்ட்ரோல் யூனிட்டுகள் பல மடங்கு. அவற்றில் சில சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் இருக்கும். சில ஜெர்மன் கார்களில் பேட்டரியே டிக்கியின் தரைக்குக் கீழேதான். முழங்கால் அளவு தண்ணீர் போதும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கனெக்டர் முனைகளில் பச்சை பூத்து, ஆறு மாசம், ஒரு வருஷம் கழித்து ஏர்பேக் லைட், ஏ.பி.எஸ். லைட் என்று ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும்.

வடசென்னையில் 2023-ல் வந்தது வெறும் மழைத் தண்ணீரும் இல்லை. மணலி பக்கமிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் கழிமுகம் வரை எண்ணெய் படலம் பரவியது. வீடுகளுக்குள்ளும் அந்தக் கறை ஏறியது. எண்ணெய் கலந்த தண்ணீர் காருக்கு அடியில் இருக்கும் ரப்பர் புஷ், பூட் போன்றவற்றுக்கும் நல்லதில்லை.

வெள்ளக் காரைக் கண்டுபிடிப்பது எப்படி?

மெக்கானிக் இல்லாமலேயே, கையில் ஒரு டார்ச் லைட்டோடு நீங்களே பார்க்கக்கூடியவை:

• சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறையோ நிற மாற்றமோ இருந்தால் சந்தேகம்தான். பெல்ட் மட்டும் புத்தம் புதுசாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

• சீட்டை முன்னே தள்ளி, அதன் தண்டவாளத்தையும் போல்ட்டுகளையும் பாருங்கள். ஏ.சி. காருக்குள்ளே இருக்கும் போல்ட் துருப்பிடிக்க வேறு காரணம் அதிகம் இல்லை.

• ஸ்டெப்னி இருக்கும் குழியில் மண், துரு, தண்ணீர்க் கோடு இருக்கிறதா? ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள்.

• கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் ஸ்பான்ஜை அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

• கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடி, ஏ.சி.யை ஹீட்டர் பக்கம் திருப்பி ஐந்து நிமிஷம் ஓட விடுங்கள். ஊசல் வாடை வந்தால் தெரிந்துவிடும். பெர்ஃப்யூம் வாசனை தூக்கலாக அடிப்பதும் ஒரு எச்சரிக்கைதான்.

• ஹெட்லைட், பின்லைட் கண்ணாடிக்கு உள்ளே நீராவி, மண் படிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. சன்ரூஃப் உள்ள கார்களில் மழைத் தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டாலும் தரை ஈரமாகும். அது வெள்ளம் இல்லை. ஆனால் எலக்ட்ரானிக்ஸுக்கு ஆகும் சேதம் ஒன்றுதான்.

பேப்பரிலும் ஒரு துப்பு உண்டு. பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளை வரிசையாகக் கேளுங்கள். க்ளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷமும் நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஏறிக்கொண்டே வந்த போனஸ் 2023 டிசம்பருக்குப் பிந்தைய ரினியூவலில் சடாரென பூஜ்ஜியம் ஆகியிருந்தால், அந்த வருஷம் ஏதோ க்ளெய்ம் நடந்திருக்கிறது அல்லது கார் கை மாறியிருக்கிறது. எது என்று கேட்டே ஆக வேண்டும்.

வடசென்னையிலேயே ஓடிய கார் என்றால்?

எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் நிற்கும் கார்கள் தினமும் உப்புக் காற்றைச் சுவாசிக்கின்றன. அனல் மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசியும் கூடுதல். அதனால் காரை லிஃப்ட்டில் ஏற்றாமல் வாங்கவே கூடாது.

அடிப்பகுதியில் சப்ஃப்ரேம், பிரேக் பைப், சைலன்சர் இணைப்புகளில் துரு எவ்வளவு என்று பாருங்கள். மேலாகப் படிந்த துரு பரவாயில்லை. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் செதில் செதிலாக உதிர்ந்தால் வேண்டாம். முன்பக்கம் ஏ.சி. கண்டென்சரின் மெல்லிய தகடுகள் பொடிந்திருக்கிறதா என்பதும் முக்கியம். உப்பு முதலில் தின்பது அதைத்தான்.

அடுத்தது ரோடு. கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமான எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் மணலி சாலையிலும் தினமும் போன காருக்கு சஸ்பென்ஷனும் அலாய் வீலும் அடி வாங்கியிருக்கும். பல பி.எம்.டபிள்யூ. மாடல்களில் ரன்ஃப்ளாட் டயர். பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடும், ஆனால் பக்கவாட்டுச் சுவர் கடினமானது. பள்ளத்தில் இறங்கும் அடி நேராக அலாய்க்குப் போகும், விலையும் சாதாரண டயரைவிட அதிகம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரித்தது. நூல் நன்றாக இருந்தாலும் வயசான டயர் என்றால், நாலு டயரின் விலையைப் பேரத்தில் கழியுங்கள்.

இன்ஜின், கியர்பாக்ஸ்: எந்த மாடலில் எதைக் கவனிக்கணும்?

பி.எம்.டபிள்யூ.: நம்ம செங்கல்பட்டு பக்கம் இருக்கும் தொழிற்சாலையில் 2007 முதல் அசெம்பிள் ஆகும் கார்கள். பழைய 2 லிட்டர் டீசல் மாடல்களில் இருந்த என்47 இன்ஜினில் டைமிங் செயின் பிரச்னை உலகம் முழுக்கப் பிரபலம். செயின் இருப்பது கியர்பாக்ஸ் பக்கம் என்பதால், மாற்ற வேண்டும் என்றால் பெரிய வேலை. முதல் தலைமுறை எக்ஸ்1 டீசல், அந்தக் காலத்து 320டி பார்க்கிறீர்கள் என்றால், காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கமிருந்து உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

ஆடி: ஏ3 பெட்ரோலில் சில மாடல்களுக்கு உலர் கிளட்ச் கொண்ட 7 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஊர்ந்து ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் இந்த கிளட்ச் சூடாகித் தேயும். முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே உதறினால் உஷார்.

மெர்சிடிஸ் பென்ஸ்: ஏ கிளாஸ், சி.எல்.ஏ., ஜி.எல்.ஏ. மாடல்களின் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ஆயில் மாற்ற வேண்டும். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் உண்டு. அது தன்னைத் தானே சுத்தம் செய்ய நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை மட்டுமே ஓட்டப் போகிறீர்கள் என்றால், டீசலைவிட பெட்ரோல்தான் நல்லது.

டெஸ்ட் டிரைவுக்குப் போவதற்கு முன்பே "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜினில் பல நோய்கள் தெரியாது. பிறகு, அந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கொண்டு எல்லா கன்ட்ரோல் யூனிட்டையும் ஸ்கேன் செய்யுங்கள். கியர்பாக்ஸ், ஏ.பி.எஸ். போன்ற யூனிட்டுகளில் பதிவான கிலோமீட்டரும் மீட்டரில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால், மீட்டரைத் திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பதிவான சர்வீஸ் ஹிஸ்டரியையும் கேட்டு வாங்குங்கள்.

பேப்பரில் என்னென்ன பார்க்கணும்?

எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், எந்த பேங்க் கடன், இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். நிலுவையில் உள்ள இ-சலானையும் பார்த்துவிடுங்கள். சேஸிஸ் எண் 17 எழுத்துகள் கொண்டது. காரில் இருப்பதும் ஆர்.சி.யில் இருப்பதும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

• பேர் மாற்ற: படிவம் 29, படிவம் 30.
• கடன் நீக்க: படிவம் 35, கூடவே பேங்க் என்.ஓ.சி.
• வேறு மாநில வண்டி என்றால்: படிவம் 28 என்.ஓ.சி.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50-ன்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். மாற்றாமல் விட்டால், கார் அடிபடும்போது சொந்த சேதத்துக்கான க்ளெய்ம் சிக்கலாகும். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே ஓனராகக் கருதப்படுவார் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று முறை வந்துள்ளது. டீலரிடம் வாங்கினால் அந்தச் சான்றைக் கேளுங்கள். இன்னொன்று, டீலரின் லாபத் தொகைக்குத்தான் பொதுவாக 18% ஜி.எஸ்.டி. "மொத்த விலைக்கும் 18% தனியா ஆகும்" என்றால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

டெல்லி கார் மலிவா?

டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் கார்களுக்கு 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதிலிருந்தே அந்த ஊர் டீசல் சொகுசு கார்கள் தெற்கே வருவது வழக்கமாகிவிட்டது.

விலை கம்மிதான். ஆனால் இங்கே கொண்டுவந்தால் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி தனி. காரின் வயதைப் பொறுத்து வரி குறையும் என்றாலும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது கார்களுக்கே 2023 நவம்பர் முதல் 20% வரி என்பதை மனதில் வையுங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் டி.என். எண்ணுக்கு மாற்றியே ஆகணும். என்.ஓ.சி., வரி, புரோக்கர் கமிஷன், லாரி வாடகை எல்லாம் கூட்டிப் பார்த்தால், பல நேரம் உள்ளூர் கார் விலைக்கே வந்து நிற்கும்.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

தாராளமாக வாங்கலாம், கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொட்டாமல் இருந்தால். காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருஷ ரிப்பேருக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. 15 லட்ச ரூபாய் கார் என்றால் 3 லட்சம். அது இல்லாமல் முழுக் கடனில் வாங்கினால், ஒரு கியர்பாக்ஸ் போனாலே இ.எம்.ஐ.யும் ரிப்பேர் பில்லும் சேர்ந்து தொழிலையே அசைத்துவிடும்.

வாங்கிய பிறகு இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் கட்டாயம் சேருங்கள். தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால், சாதாரண பாலிசியில் அந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும் ஏரியாவில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

லிஃப்ட்டில் ஏற்ற விடமாட்டேன், ஸ்கேன் வேண்டாம், "இன்னிக்கே அட்வான்ஸ் குடுத்தாதான் வண்டி, இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்" என்று விற்பவர் அவசரப்படுத்தினால், விலை எவ்வளவு கம்மியாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அதே மாடல், அதே கலரில் இன்னொரு கார் அடுத்த மாசமும் மார்க்கெட்டுக்கு வரும்.