உங்களுக்குத் தெரியுமா? வத்தல்மலை ஸ்பெஷல்!

ஏற்காடு போயிருப்பீர்கள். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பீர்கள். வத்தல்மலை? தர்மபுரி நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். உயரமோ 3,000 அடிக்கும் மேல்!

கொண்டை ஊசி வளைவுகள் 20-ஐத் தாண்டும்! சேலத்திலிருந்து ஏறும் ஏற்காடு சாலையிலேயே 20தான். (கொல்லிமலைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் 70-ஐ யாரும் மறக்கவில்லை!)

மேலே ஒரே ஒரு ஊர்தான் இருக்கும் என்று நினைத்தீர்களா? பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, நாயக்கனூர்... பட்டியல் இன்னும் நீளும்! பால்சிலம்பு! என்ன ஒரு பேர்!

இங்கே வாழ்வது மலையாளி பழங்குடி மக்கள். உடனே கேரளா பக்கம் திரும்பாதீர்கள். வீட்டிலும் காட்டிலும் பேசுவது தமிழ்தான்! தமிழ்நாட்டுப் பழங்குடிகளிலேயே எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்கு. 2011 கணக்கெடுப்பில் 3.5 லட்சம் பேருக்கு மேல்!

இவர்களின் பூர்வீகம் காஞ்சிபுரமாம்! அங்கிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூன்று பேர். ஆளுக்கொரு மலையாகப் பிரிந்துபோனார்களாம். தலைமுறை தலைமுறையாக வரும் கதை இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்!

இங்கே காபி விளைகிறது! ஆமாம், வறட்சிக்குப் பேர்போன தர்மபுரியில்தான்! கோடையில் ஒரு நல்ல மழை விழவேண்டும். பத்தே நாளில் செடி முழுக்க வெள்ளைப் பூ, மல்லிகை வாசம்! பூவின் ஆயுள் இரண்டு மூன்று நாள். பழம் சிவக்கவோ 8, 9 மாதம். பிள்ளைத்தாய்ச்சிக் கணக்கேதான்!

காபிக்குப் பூர்வீகம் எத்தியோப்பியா. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்துக்கு ஆஸ்திரேலியா. அந்த மரத்தில் தொற்றி ஏறும் மிளகுக்கொடிக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலை. தோட்டம் ஒன்று, கண்டங்கள் 3!

மிளகை லேசாக எண்ண வேண்டாம். கி.பி. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத் இன அரசன் அலாரிக், விலகிப்போகக் கேட்ட கப்பத்தில் பொன், வெள்ளி, பட்டோடு மிளகும் இருந்தது. 3,000 ராத்தல்!

தோட்டம் தாண்டினால் சாமை, ராகி. ராகியைப் பல வருஷம் பத்திரப்படுத்தினாலும் பூச்சி அண்டாது!

தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2. காந்தி ஜெயந்தியன்று! மலைக்கு அரசு பஸ் வந்தது எப்போது தெரியுமா? 2020-கள் பிறந்த பிறகுதான்!

அதே மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை. தேர்தலுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் மேலே போனது எதில் தெரியுமா? கழுதை முதுகில்! ஏதோ வெள்ளைக்காரன் காலம் என்று நினைக்காதீர்கள். 2021 சட்டமன்றத் தேர்தல்!