அப்டேட் கொடுத்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறதா? காரணம் இதுதான்!

காலை 10 மணிக்கு மீட்டிங். லேப்டாப்பைத் திறந்தால் 'புதிய அப்டேட் வந்திருக்கிறது' என்கிறது வீடியோ கால் ஆப். சரி என்று க்ளிக் செய்தால் திரை மங்கி, அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. அது இருப்பதோ ஐ.டி. டீமிடம். 'ஒரு அப்டேட் போட இவ்வளவு பஞ்சாயத்தா?' என்று பலரும் கடுப்பாவது இங்கேதான்.

ஏன் கேட்கிறது?

விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் பெரும்பாலானோர் அட்மின் கணக்கிலேயே வேலை பார்த்தார்கள். தெரியாமல் திறந்த வைரஸுக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. இதைத் தடுக்க, 2007-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் 'யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்' அறிமுகமானது. 'எதுக்கெடுத்தாலும் பெர்மிஷனா?' என்று பயனர்கள் புலம்ப, 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் இந்தக் கேள்விகளைக் குறைத்தது மைக்ரோசாஃப்ட்.

திரை மங்குவதும் சும்மா இல்லை. அந்த நேரத்தில் சாதாரண சாஃப்ட்வேர் எதுவும் உங்களுக்குப் பதிலாக 'யெஸ்' பட்டனை அழுத்திவிட முடியாது.

சில ஆப்கள் மட்டும் கேட்பதில்லையே?

எங்கே இன்ஸ்டால் ஆகிறது என்பதைப் பொறுத்தது அது. 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டர், அந்த கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொது. அதில் கைவைக்க அட்மின் அனுமதி வேண்டும். உங்கள் கணக்குக்குள் மட்டும் இன்ஸ்டால் ஆகும் ஆப்புக்கு அது தேவையில்லை. விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கு 'யூசர்', 'சிஸ்டம்' என இரண்டு இன்ஸ்டாலர்கள் இருப்பது இதனால்தான். கூகுள் குரோமோ, எல்லோருக்கும் பொதுவாக இன்ஸ்டால் ஆகும்போதே அப்டேட்டுக்கென ஒரு சர்வீஸை அமைத்துக்கொள்கிறது. அது தேவையான அதிகாரத்துடன் பின்னணியில் இயங்குவதால் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை.

தள்ளிப்போட்டால் என்ன?

2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் தாக்கியபோது, அந்த அப்டேட் போடாத கம்ப்யூட்டர்கள்தான் சிக்கின. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்டுகள் ரத்தாகின.

என்ன செய்யலாம்?

* ஆபீஸ் லேப்டாப் என்றால், மெசேஜை மூடிவிட்டு மறந்துவிடாதீர்கள். உடனே ஐ.டி. டீமுக்கு டிக்கெட் போடுங்கள். எல்லா லேப்டாப்களுக்கும் அவர்களே மொத்தமாக அப்டேட் அனுப்ப வசதி இருக்கிறது.

* சொந்த லேப்டாப் என்றால், அன்றாட வேலைக்கு சாதாரண கணக்கு, அப்டேட்டுக்கு மட்டும் தனி அட்மின் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

* 'யெஸ்' கொடுக்கும் முன் நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். 'அன்நோன்' என்று இருந்தால் உஷார்.

* நீங்கள் எதையும் தொடாதபோது திடீரென அனுமதி கேட்டால், 'நோ' கொடுத்துவிட்டு, அந்த சாஃப்ட்வேரைத் திறந்து உள்ளே அப்டேட் இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.