தாதியர் படும் துயரம்

நோயாளியின் உறவினர் மருத்துவரைத் தாக்கினால் அச்செய்தி மறுநாளே பத்திரிகைகளில் வந்துவிடுகிறது. மருத்துவமனை ஊழியரே சக ஊழியரை வதைப்பதோ பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுகிறது. நோயாளிகள் எதிரே வசைபாடுதல், ஓயாது இரவுப்பணி அளித்தல், உரிய விடுமுறையை மறுத்தல் என அது பல உருவங்களில் வரும். ஊர்விட்டு வந்து தாதித் தொழில் புரியும் நம் பெண்மக்களுக்குத் தட்டிக் கேட்க உறவினர் அருகில் இலர்; இவ்வூர் மொழியும் முழுதும் கைவருவதில்லை. ஆதலின் அவர்களை ஏசுவது எளிதாகிறது.

இத்தகைய பகை எதுவரை செல்லக்கூடும் என்பதற்கு மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் நடந்ததே சான்று. 1973 நவம்பர் 27 அன்று, அங்குத் தாதியாக இருந்த அருணா ஷான்பாக்கை, அங்கேயே பணிபுரிந்த துப்புரவுத் தொழிலாளி ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துப் பாலியல் வன்கொடுமை செய்தான். பணியில் அவர் தன்னைக் கண்டித்ததால் அவன் வன்மம் கொண்டான் என்று கூறப்பட்டது. மூளை சேதமுற்ற அவர் பழைய நிலைக்கு மீளவேயில்லை. தாக்குதலுக்கும் கொள்ளைக்குமாக அவனுக்குக் கிடைத்தது 7 ஆண்டுச் சிறை. பாலியல் குற்றத்துக்குத் தண்டனையே இல்லை. 2015 மே 18 அன்று அவர் மறையும்வரை, 41 ஆண்டுகளுக்கு மேலாக, அம்மருத்துவமனைத் தாதியர் தலைமுறை தலைமுறையாக அவரைப் பேணினர்.

அந்நாளில் பணியிடத் தொல்லைகளை முறையிடத் தனிச் சட்டம் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் பாலியல் தொல்லையை விசாரிக்க உட்குழு இருத்தல் வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவும், உறுப்பினருள் பாதிப்பேரேனும் பெண்களாகவும் இருப்பர். 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடல் வேண்டும்.

பிற ஏச்சும் கொடுமையும் இச்சட்டத்துள் அடங்கா. அங்கும் எழுத்தே துணை. ரயில்வே அலுவலகக் கோப்புகளிடையே காலம் கழிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாய்ச்சொல் காற்றோடு போகும், தேதியிட்ட மனுவுக்கு யாரேனும் பதில் சொல்லியாக வேண்டும். நாள், நேரம், பேசப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நலம். மனுவின் நகலில், பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பம் வாங்க மறத்தலாகாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். மகள் தொலைபேசியில் அழுதால், "பொறுத்துப் போ, வேலை போய்விடும்" என்று வாயடைத்துவிடாதீர்கள். முழுதும் கேளுங்கள். மனு எழுத மொழி தடையாயின், எழுத வல்லார் நம் சங்கத்தில் பலர் உளர், தயங்காது அணுகுங்கள்.