நோயைத் தேடிப் போகலாமா?

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலேசியாவில் ஓமிக்ரான் அலை உச்சத்தைத் தொட்டபோது, ஒரே நாளில் 30,000க்கும் அதிகமானோருக்குக் கோவிட்-19 தொற்று உறுதியானது. அந்நாள்களில் மாணவர்களிடையே ஒரு பேச்சை நான் அடிக்கடி கேட்டேன். "எப்படியும் வரத்தான் போகிறது, தேர்வுக்கு முன்பே வந்துவிட்டுப் போகட்டும், தொல்லை விட்டது!" வேடிக்கையாகச் சொன்னவர்களும் உண்டு, மெய்யாகவே எண்ணியவர்களும் உண்டு. அடுத்த பெருந்தொற்றிலும் இப்பேச்சு எழத்தான் செய்யும். எனவே, உயிர்மருத்துவம் பயின்றவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

இவ்வெண்ணம் புதிதன்று. 2009-இல் எச்1என்1 சளிக்காய்ச்சல் பரவியபோது, நோயுற்றவரோடு கூடிப் பழகி நோயை வரவழைத்துக்கொள்ளும் 'விருந்துகள்' பற்றி மேலை நாடுகளில் பேசப்பட்டது. 1918-இல் பரவிய சளிக்காய்ச்சலின் முதல் அலை மிதமாகவும் இரண்டாம் அலை கொடூரமாகவும் இருந்தன. அதுபோல இப்போதும் நடக்கலாம். ஆகவே மிதமாக இருக்கும்போதே நோயைப் பெற்றுக்கொள்வது நல்லது என்பதே அவர்கள் வாதம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த மே மாதமே இதற்கு எதிராக எச்சரித்தது. அவர்கள் அஞ்சியது போல் கிருமி மேலும் கொடியதாக மாறவில்லை. அக்டோபரில் அங்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது. ஐந்து மாதம் பொறுத்திருந்தால் போதுமாயிருந்தது!

இந்தக் கணக்கு எங்கே பிழைபடுகிறது?

முதலாவது, "நாங்கள் இளைஞர்கள்" என்ற துணிச்சல். எச்1என்1 நோயால் முதல் ஆண்டில் இறந்தவர்களுள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் 65 வயதுக்குட்பட்டவர்கள் எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. கோவிட் முதியவர்களையே அதிகம் கொன்றது உண்மைதான். ஆயினும், மாதக்கணக்கில் நீடிக்கும் சோர்வும் மூச்சுத்திணறலும் மறதியும் இளைஞர்களையும் விட்டுவைக்கவில்லை. யாருக்கு நோய் முற்றும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை.

இரண்டாவது, "ஒருமுறை வந்தால் போதும்" என்ற நம்பிக்கை. டெல்டா வகைக் கிருமியால் நோயுற்றுத் தேறியவர்கள் பலரை ஓமிக்ரான் மீண்டும் பற்றியது. உயிரைப் பணயம் வைத்துப் பெறும் எதிர்ப்பாற்றலும் நிரந்தரமன்று.

மூன்றாவதுதான் என்னை மிகவும் உறுத்துவது. நோயை வரவழைப்பவர் தம் உடலை மட்டும் பணயம் வைப்பதாக எண்ணுகிறார். கோவிட் நோயோ அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்குத் தொற்றக்கூடியது. விடுதியில் ஆஸ்துமாவோடு இருக்கும் அறைத்தோழர், வார இறுதியில் நாம் பார்க்கப்போகும் பாட்டி ஆகியோரிடம் யார் அனுமதி கேட்டார்கள்? மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது மிகுதி. இனிப்பு நீர் உள்ளவர்களைக் கோவிட் கடுமையாகத் தாக்கும் என்பது நாம் அறிந்ததே. நம் வீடுகளுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அன்று.

செக் நாட்டு நாட்டுப்புறப் பாடகி ஹானா ஹோர்காவின் முடிவு நினைவுகூரத்தக்கது. அவர் தடுப்பூசி போடாதவர். தடுப்பூசி போட்டிருந்த கணவருக்கும் மகனுக்கும் கோவிட் கண்டபோது, அவர் விலகியிருக்காமல் அவர்களோடே இருந்தார். நோயிலிருந்து தேறியவர் என்ற சான்று கிடைத்தால் நாடக அரங்குக்குப் போகலாம் என்பது அவர் எண்ணம். தேறிவருவதாகவே நம்பியிருந்த அவர், 2022 ஜனவரியில் 57 வயதில் இறந்தார்.

"தடுப்பூசியும் அதே வேலையைத்தானே செய்கிறது?" என்று சிலர் கேட்கலாம். 1721-இல் பாஸ்டன் நகரில் மருத்துவர் பாய்ல்ஸ்டன், அம்மை நோயாளியின் கொப்புளச் சீழை ஏறக்குறைய 240 பேருக்குக் கீறி ஏற்றினார். அவர்களுள் 6 பேர் இறந்தனர். இயற்கையாக அம்மை கண்டவர்களுள் ஏறக்குறைய ஏழில் ஒருவர் மாண்ட காலத்தில் அது பெரிய முன்னேற்றமே. ஆனால், ஏற்றப்பட்டது உண்மையான அம்மை என்பதால் அது பிறருக்கும் பரவக்கூடியதாக இருந்தது. 1796-இல் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு அந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்தார். நோயைப் படாமலே உடலுக்குப் பாடம் கற்பிப்பதுதான் தடுப்பூசியின் நோக்கம்.

2021-இல் பிரிட்டனில் ஆய்வுக்காக 36 இளம் தன்னார்வலர்களின் மூக்கில் கோவிட் கிருமியைச் செலுத்தினார்கள். அவர்கள் அனைவரும் உடல்நலம் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கிருமியின் அளவு மிகச் சிறியது. மருத்துவமனையில் தனிமைப்படுத்தி, இரவும் பகலும் கண்காணித்தார்கள். வல்லுநர்களுக்கே இத்தனை பாதுகாப்பு தேவைப்பட்டதென்றால், நண்பரின் அறைக்குப் போய் அவர் இருமலை வாங்கி வருவதை என்னவென்பது? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான் அது.

எனவே நண்பர்களே, "எப்படியும் வரும்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் தடுப்பூசிக்கும் மருந்துக்கும் மருத்துவமனைக் கட்டில் காலியாவதற்கும் நாம் வாங்கித் தரும் அவகாசம். அந்த அவகாசம் நம்மைவிட நம் பாட்டிமார்களுக்கே அதிகம் தேவை.